கர்ப்பத்தில் கொடுத்த கால்சியம்: ஒரு டெரியர் கென்னலின் நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்கும் குலசேகரத்துக்கும் இடையே, ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டில் ஜாக் ரஸ்ஸல் டெரியர் வளர்க்கிறார்கள். ஏழு குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அந்த வீட்டுப் பெட்டை, குட்டி போட்ட 16-ஆம் நாள் இரவு கால்கள் விறைத்து, உடம்பு நடுங்கி, மூச்சிரைக்க என் கிளினிக்குக்கு வந்தது. ரத்தத்தில் கால்சியம் மிகக் குறைவு. ஆனால் கர்ப்பம் தரித்ததிலிருந்து குட்டி போடும்வரை அதற்கு வேளை தவறாமல் கால்சியம் சிரப் கொடுத்திருந்தார்கள். “ரெண்டு மாசமா நான் கையால அளந்து குடுத்தேன் டாக்டர், அப்பறம் எப்பிடி குறையும்?” என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. சிறிய இன நாய்களை வளர்த்து ஷோவுக்குக் கொண்டுபோகும் பல வீடுகளில் இதே பழக்கம் இருக்கிறது என்பதால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன். குடும்பம் சம்மதித்தது, ஆட்களின் பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். பெட்டையின் பெயர் மின்னி.

வீடும் நாய்களும்

கென்னல் என்ற பெயருக்கு ஏற்ப வரிசையாகக் கூண்டுகள் எதுவும் கிடையாது. ரப்பர் ஷீட் உலர்த்திய பழைய புகைப்புரையைச் சுத்தம் செய்து, சன்னல் வைத்து, தரைக்கு சிமெண்ட் பூசி நாய்களுக்கு விட்டிருக்கிறார்கள். வளர்ந்த நாய்கள் ஐந்து. குட்டி போடும் பெட்டைக்கு மட்டும் அடுக்களையை ஒட்டிய அறை. அப்பாவுக்கு ரப்பர் ஷீட் வியாபாரம். நாய்களின் சாப்பாடு அம்மா பொறுப்பு. கல்லூரியில் படிக்கும் மூத்த மகள்தான் ரிங்கில், அதாவது நாய் ஷோவின் போட்டித் திடலில், நாயைப் பிடித்து ஓடுகிறவள். எடை, சாப்பாடு, மருந்து, ஹீட் (இணைசேரும் பருவம்) வந்த தேதி என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைப்பவளும் அவளே. இந்த ஆய்வில் பாதி விவரம் அந்த நோட்டிலிருந்து வந்தது. அப்புறம் பாட்டி. அவருக்கு நாய்கள்மேல் பெரிய பிரியம் ஒன்றும் இல்லை. அவருடைய உலகம் தொழுவத்தில் நிற்கும் இரண்டு கறவை மாடுகள். ஆனால் அன்றிரவு முதலில் சரியாகச் சொன்னவர் அவர்தான்.

இனத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஜான் ரஸ்ஸல் (1795–1883) என்ற பாதிரியார் நரி வேட்டைக்காக வளர்த்த டெரியர்களின் வழியில் வந்தது ஜாக் ரஸ்ஸல். வளைக்குள் பதுங்கிய நரியை வெளியே விரட்ட வேண்டும் என்பதால் உடம்பு சிறிதாகவும் மார்பு ஒடுங்கியும் இருக்கவேண்டும். இன்று ரிங்கில் பார்க்கும் குட்டையான வடிவம் ஆஸ்திரேலியாவில் ஒழுங்குபட்டது. சர்வதேச நாய் வளர்ப்பு அமைப்பான எஃப்.சி.ஐ.யின் தர அளவின்படி உயரம் 25 முதல் 30 செ.மீ. ஒவ்வொரு 5 செ.மீ. உயரத்துக்கும் ஏறத்தாழ 1 கிலோ எடை, அதாவது 5 முதல் 6 கிலோ. முழங்கைக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு 40 முதல் 43 செ.மீ. நடுவர் நாயை மேசைமேல் நிறுத்தி, இரண்டு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்துப் பார்ப்பார். கைக்குள் அடங்கவேண்டும்.

நம் ரப்பர் தோட்டத்தில் வளைக்குள் ஒளிய நரி இல்லை. எலி உண்டு, பாம்பும் உண்டு. பாம்பைக் கண்டு விலகத் தெரியாத இனம் இது. இந்த வீட்டின் பழைய ஆண் நாய் ஒன்று நல்லபாம்போடு மல்லுக்கட்டிப் போய்ச் சேர்ந்தது. டெரியர் என்ற பேரால் வேறொரு தொல்லையும் வந்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசு ஆபத்தான இனங்கள் என்று 23 இனங்களைக் குறித்துச் சுற்றறிக்கை விட்டபோது, அதில் பிட்புல் டெரியர் இருந்ததைச் செய்தியில் பார்த்த அக்கம்பக்கத்தார் “உங்க நாயும் அதானா?” என்று கேட்கத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. கேள்வி மட்டும் நிற்கவில்லை.

மின்னி 26 செ.மீ. உயரம், வழுவழுப்பான முடி, வெள்ளை உடம்பு, முகத்தில் மட்டும் பழுப்பு. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் பதிவு, மைக்ரோசிப் எல்லாம் ஒழுங்காக உண்டு. திருவனந்தபுரம், மதுரை ஷோக்களில் ரிங்கில் நின்றிருக்கிறது. மே மாதம் ஊட்டியில் சவுத் ஆஃப் இந்தியா கென்னல் கிளப் நடத்தும் ஷோவுக்கும் போயிருக்கிறது. நின்ற இடமெல்லாம் அந்த மார்பளவுக்காகவே பேர் வாங்கிய நாய். மார்பு கைக்குள் அடங்கவேண்டும் என்பதற்காகச் சாப்பாட்டை எப்போதும் இழுத்துப் பிடித்தே கொடுத்துவந்தார்கள். இணைசேர்ப்பதற்கு முன் எடை 5.2 கிலோ. மேசைமேல் நிற்க அது அருமையான எடை. ஒரு பெரிய ஈற்றைச் சுமந்து பால் கொடுக்க அதில் கையிருப்பு எதுவும் கிடையாது.

இணை தேடியது

இந்தக் குடும்பம் மிகச் சரியாகச் செய்த காரியத்தையும் சொல்லவேண்டும். ஜாக் ரஸ்ஸலில் கண் வில்லை இடம் பெயரும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. ஏ.டி.ஏ.எம்.டி.எஸ்.17 என்ற மரபணுவில் வரும் பிழைதான் காரணம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழையான பிரதி வந்தால் வில்லையைத் தாங்கும் இழைகள் மெல்ல அறுந்து, பெரும்பாலும் நாலு வயதுக்கு மேல் வில்லை நழுவும். கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை போகும். இதில் கொடுமை, நோய் தெரியும் வயதுக்குள் அந்த நாய் ஷோவில் வென்று, பல ஈற்றுகளுக்குத் தாயோ தந்தையோ ஆகியிருக்கும். குட்டியாக இருக்கும்போதே கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினால் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மின்னியிடம் ஒரு பிரதி மட்டும் பிழை. அதனால் பிழையே இல்லாத ஆண் நாயோடு மட்டும் சேர்க்கவேண்டும். அப்படிச் சேர்த்தால் சராசரியாகப் பாதிக் குட்டிகள் பிழையைச் சுமக்கும், ஆனால் இரண்டு பிரதியும் கெட்ட குட்டி பிறக்காது. இதைப் புரிந்துகொண்டு, ஷோவில் பெரிய பேர் வாங்கிய ஒரு ஆண் நாயை ‘ரிப்போர்ட் இல்லை’ என்பதற்காகவே வேண்டாம் என்று சொல்லி, திருவனந்தபுரத்தில் ரிப்போர்ட் உள்ள இன்னொன்றைத் தேடிப் பிடித்தாள் மகள். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

நாளைக் கணக்கிட்டதும் சரியாகவே இருந்தது. ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவை மனிதர்களுக்கான லேப் ஒன்றிலேயே பார்த்தோம். மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமை ஒட்டி வரும்போது கருமுட்டை வெளிவருகிறது. அது முதிர இரண்டு நாள் ஆகும். அதை ஒட்டியே இணைசேர்ப்பு நடந்தது. நல்ல நாளில் சேர்த்தால் ஈற்று பெரிதாகும் வாய்ப்பு அதிகம். ஏழு குட்டிகள் வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சிரப் வந்த வழி

மின்னிக்கு இது இரண்டாவது ஈற்று. முதல் ஈற்றில் மூன்றே குட்டிகள். அப்போது தனியாகக் கால்சியம் எதுவும் கொடுக்கவில்லை, ஒரு பிரச்சினையும் வரவில்லை. இரண்டாம் தடவை இணைசேர்த்ததும், ஷோவில் பழகிய மூத்த வளர்ப்பாளர் ஒருவர் அப்பாவிடம் “கால்சியம் குடுக்காம விட்டா குட்டிக்கு முன்னங்கால் வளையும், எலும்பு நிக்காது” என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது கெட்ட எண்ணத்தில் அல்ல. அவரும் யாரோ சொல்லிக் கேட்டதுதான். நம் வட்டாரத்தில் கர்ப்பிணி என்றால் கால்சியம் என்பது பெண்களுக்குச் சொல்லப்பட்டு, அப்படியே நாய்க்கும் வந்துவிட்டது.

நோட்டில் உள்ளபடி, காலையும் மாலையும் வைட்டமின் டி சேர்ந்த கால்சியம் சிரப். கூடவே வழக்கமான சாப்பாடு: சோறு, கோழி, வாரத்தில் நாலு நாள் முள்ளோடு வேகவைத்து மசித்த சாளை மீன், முட்டை, கொஞ்சம் தயிர். சாளை முள்ளிலேயே கால்சியம் தாராளமாக இருக்கிறது. அதற்கு மேல் சிரப்.

இன்னொரு விவரம், எனக்கு இதுதான் நோட்டிலேயே முக்கியமான வரி: குட்டி போட்ட அன்றோடு சிரப்பை நிறுத்திவிட்டார்கள். குட்டிகள்தான் வெளியே வந்துவிட்டனவே, இனி எதற்கு என்று. வயிறு கெட்டுவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டையும் கொஞ்சமே கூட்டினார்கள்.

பிரசவத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 55-ஆம் நாளுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் ஏழு முதுகெலும்புகளை எண்ண முடிந்தது. உடம்பு வெப்பம் 99 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கிய மறுநாள் காலை ஏழும் தானாகவே பிறந்தன. ஒவ்வொன்றும் 180 கிராமை ஒட்டிய எடை. வால் வெட்டும் வழக்கம் இந்த வீட்டில் இல்லை.

அந்த இரவு

ஜூன் மாதம். தென்மேற்குப் பருவமழை இந்தப் பக்கம் விடாமல் பெய்கிற காலம். குட்டிகளுக்குக் குளிரும் என்று பெட்டிமேல் பல்பு போட்டிருந்தார்கள். மாலையிலிருந்து மின்னி மூச்சிரைத்தது. பல்பின் சூடு என்று நினைத்து பல்பைத் தூக்கிக் கட்டினார்கள். பிறகு அது குட்டிகளை விட்டு எழுந்து எழுந்து நடந்தது. குட்டிகள் கத்தியும் படுக்கவில்லை. முகத்தை முன்காலால் தேய்த்துக்கொண்டே இருந்தது. ஒன்பது மணிக்குமேல் பின்னங்கால் மரக்கட்டைபோல நீண்டு, நடை தள்ளாடி, அப்புறம் படுத்த இடத்திலேயே நடுக்கம்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கொல்லையில் மரச்சீனி (மரவள்ளி) உரித்த தோல் கிடந்தது. அதைத் தின்று விஷம் ஏறியிருக்கும் என்றார் அப்பா. ஆடுகள் அப்படிச் செத்ததை இந்த ஊரில் பார்க்காதவர்கள் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் வாழைக்குப் போட்ட குருணைப் பூச்சிமருந்தாக இருக்குமோ என்று மகளுக்குப் பயம். வெறி நோய் என்றுகூட ஒருவர் சொல்ல, குட்டிகளைத் தொடவே தயங்கினார்கள். பாட்டி வாசலில் நின்று பார்த்துவிட்டு, “மக்களே, இது பால்காய்ச்சலாட்டு இருக்கும். மாட்டுக்கு வாறதுதான்” என்றாராம். “மாட்டுக்கு வாறது நாய்க்கு எப்பிடிம்மா வரும்?” என்று அப்பா மறுத்துவிட்டார்.

என்னிடம் வரும்போது வெப்பம் 106 டிகிரியைத் தாண்டியிருந்தது. நாடி வேகம். கண்மணி விரிந்து, வெளிச்சத்துக்கு மெதுவாகவே சுருங்கியது. குருணை மருந்தாக இருந்தால் பெரும்பாலும் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, எச்சில் ஒழுகி, வயிற்றுப்போக்கும் சேர்ந்திருக்கும். அவை இல்லை. நினைவு தெளிவாக இருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திருப்பியது. வலிப்பு நோயில் அப்படி இருக்காது. வெறி நோய்த் தடுப்பூசி ஒழுங்காகப் போடப்பட்டிருந்தது. சிறிய இனம், பெரிய ஈற்று, பால் கொடுக்கத் தொடங்கி மூன்றாம் வாரம் என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் நினைக்க வேண்டியது எக்லாம்ப்சியா. பால் கொடுக்கும் தாயின் ரத்தத்தில் கால்சியம் சரிந்து வரும் விறைப்பு அது.

அந்த நேரத்தில் கால்சியம் அளவு பார்க்க வழியில்லை. பார்த்துவிட்டுத் தொடங்கலாம் என்று காத்திருக்கவும் கூடாது. பிறகு அனுப்புவதற்கு ரத்தம் எடுத்துவைத்துக்கொண்டு, குளுக்கோமீட்டரில் சர்க்கரை மட்டும் பார்த்தேன். கொஞ்சம் குறைந்திருந்தது. இந்த நோயில் சர்க்கரையும் கூடவே இறங்குவது சகஜம்.

10 சதவீத கால்சியம் குளுக்கோனேட்டை, கிலோவுக்கு 1 மி.லி. என்ற கணக்கில், சலைனில் கலந்து ரத்தக்குழாய் வழியாக மிக மெதுவாக ஏற்றினேன். ஸ்டெதாஸ்கோப் நெஞ்சிலிருந்து எடுக்கப்படவே இல்லை. வேகமாக ஏற்றினால் இதயம் தடுமாறி நின்றுவிடும். பாதியில் குமட்டல் வந்து துடிப்பு மந்தமானது. சிறிது நேரம் நிறுத்தி, வேகத்தை இன்னும் குறைத்துத் தொடர்ந்தேன். மருந்து முடியும் முன்பே நடுக்கம் தாடையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இடமாக அடங்கியது. இதை எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. உடம்பை ஐஸ் தண்ணீரில் நனைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். விறைத்த தசையின் வேலைதான் அந்தச் சூடு. விறைப்பு விட்டால் தானே இறங்கும். முன்கூட்டியே குளிரவைத்தால் பிறகு வெப்பம் அளவுக்கு மீறிக் கீழே போய்விடும்.

மறுநாள் வந்த ரிப்போர்ட்டில் மொத்தக் கால்சியம் டெசிலிட்டருக்கு 6.1 மில்லிகிராம். நல்ல நாய்க்கு 9 முதல் 11 வரை இருக்கும்.

இதற்கிடையில் வீட்டில் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். பாட்டியின் பேச்சைக் கேட்ட அடுத்த வீட்டுக்காரர், மாட்டுக்கு ஏற்றும் கால்சியம் பாட்டிலைக் கொண்டுவந்து, தோலுக்கடியில் கொஞ்சம் போட்டுவிடலாம் என்றிருக்கிறார். நல்லவேளை, மகள் விடவில்லை. அதில் மெக்னீசியம், பாஸ்பரஸ் என்று வேறு சரக்கும் கலந்திருக்கும். அளவு முந்நூறு, நானூறு கிலோ மாட்டுக்கானது. ஐந்து கிலோ நாய்க்குத் தோலுக்கடியில் போட்டால் சதை அழுகிப் புண்ணாகலாம். ரத்தக்குழாயில் கண்டபடி ஏற்றினால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

கொடுத்தும் எப்படிக் குறைந்தது

உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பில் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் குறையும்போதெல்லாம், கழுத்தில் தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோனை விட்டு, எலும்பிலிருந்து கால்சியத்தை இறக்கவும், சிறுநீரில் போவதைத் தடுக்கவும், குடலில் அதிகம் உறிஞ்சவும் வைக்கின்றன. கர்ப்பம் முழுக்க வெளியிலிருந்தே கால்சியம் தேவைக்கு மேல் வந்துகொண்டிருந்தால், சுரப்பிக்கு வேலை இல்லை. ஹார்மோன் குறைகிறது, எலும்பிலிருந்து இறக்கும் வழி அடைபடுகிறது. குட்டிகள் பிறந்து பால் சுரக்கத் தொடங்கியதும் ஒரேயடியாகத் தேவை ஏறுகிறது. நாய்ப்பாலில் கால்சியம் பசும்பாலில் இருப்பதைவிட அதிகம். அடைத்துக் கிடந்த வழி திறந்து பழைய வேகத்துக்கு வர நாள் பிடிக்கும். மின்னி விஷயத்தில், அதே நேரத்தில் சிரப்பும் நின்றது.

16-ஆம் நாளில் குட்டிகளின் எடை நோட்டில் இருக்கிறது. ஒவ்வொன்றும் 430 கிராமை ஒட்டி. ஏழும் சேர்ந்தால் 3 கிலோ. ஐந்து கிலோ தாயின் உடம்பிலிருந்து 3 கிலோ குட்டி உடம்பு வளர்ந்துகொண்டிருந்தது. பால் உச்சத்துக்குப் போவது மூன்றாம், நாலாம் வாரத்தில். எக்லாம்ப்சியா பெரும்பாலும் முதல் நாலு வாரத்துக்குள் வருவது இதனால்தான்.

மூச்சிரைப்புக்கும் இதில் பங்கு உண்டு. ரத்தக் கால்சியத்தில் ஏறத்தாழ பாதிதான் எதனோடும் ஒட்டாமல் தனியாக ஓடுகிறது. நரம்பையும் தசையையும் அமைதியாக வைத்திருப்பது அந்தப் பாதிதான். நாய் இரைக்க இரைக்க கரியமில வாயு வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அப்போது தனியாக ஓடும் கால்சியமும் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. விறைப்பு கூடுகிறது, சூடு ஏறுகிறது, இன்னும் இரைக்கிறது. நம் மாவட்டத்துப் புழுக்கத்தில், அடைத்த அறையில், தலைக்குமேல் பல்பும் எரிந்தால் நாய் சும்மாவே இரைக்கும். பல்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குட்டிகளுக்கு முதல் வாரம் 85 முதல் 90 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் சூடு இருக்கட்டும். தாய் விலகிப் படுக்க மறுமூலை குளிர்ச்சியாக இருக்கட்டும்.

பாட்டி சொன்ன பால்காய்ச்சலும் இதே கணக்குத்தான். கன்று போட்ட மாட்டின் ரத்தத்தில் கால்சியம் சரிவதுதான் அது. கன்று போடும் முன் கடைசி வாரங்களில் தீவனத்தில் கால்சியத்தைக் குறைத்துக் கொடுப்பது அதைத் தடுக்கும் வழிகளில் ஒன்று. மாடு காது சில்லிட்டு, துவண்டு, தலையை விலாவில் சாய்த்துப் படுத்துவிடும். நாய் நேர்மாறாக விறைத்துக் கொதிக்கும். வெளித்தோற்றம் இவ்வளவு வேறாக இருந்தும் பாட்டிக்கு எப்படிப் பிடிபட்டது என்று பிறகு கேட்டேன். “பால் குடுக்குத நேரத்துல விழுந்தா வேற என்ன டாக்டரே?” என்றார்.

சரி, ஒரு நாயை வைத்து இதை நிரூபித்துவிட முடியுமா? முடியாது. முதல் ஈற்றில் கால்சியம் கொடுக்கவில்லை, நோயும் வரவில்லை என்பது உண்மை. ஆனால் அப்போது குட்டிகள் மூன்றுதான். ஏழு குட்டியும் மெலிந்த உடம்பும் போதாத சாப்பாடும் சேர்ந்தால், சிரப் கொடுக்காமலேகூட இந்த நிலை வந்திருக்கலாம். சிரப்தான் ஒரே குற்றவாளி என்று நான் எழுதமாட்டேன். கர்ப்பத்தில் கூடுதல் கால்சியம் கூடாது என்பது கால்நடை மருத்துவத்தில் நெடுநாளாகச் சொல்லப்படுவதுதான், மின்னி அதற்கு மாறாக எதையும் காட்டவில்லை.

குட்டிகள்

24 மணி நேரம் குட்டிகளைத் தாயிடம் விடவேண்டாம் என்றேன். அந்த ஒரு நாள்தான் அந்த வீட்டுக்கு உண்மையான கஷ்டம். பசும்பாலை அப்படியே கொடுக்க முடியாது. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் ஏறத்தாழ இரண்டு மடங்கு, பசும்பாலில் சர்க்கரைதான் அதிகம், குட்டிக்கு வயிறு போகும். மார்த்தாண்டத்தில் நாய்க்குட்டிப் பால்பவுடர் கிடைத்தது. மூன்று, நாலு மணிக்கு ஒருமுறை ஏழு வாய்க்கு ஊட்டி, ஒவ்வொன்றையும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டுச் சிறுநீர் கழிக்கவைத்து, எடை போட்டு எழுதவேண்டும். இரவு கரண்டும் போனது.

உதவிக்கு வந்த உறவுப் பையன் ஒரு குட்டியை மனிதக் குழந்தைபோல மல்லாத்திப் பிடித்துப் பால் ஊட்டினான். நாய்க்குட்டி வயிறு கீழாக, தாயிடம் குடிக்கும் நிலையிலேயே குடிக்கவேண்டும். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். அந்தக் குட்டிக்கு நிமோனியா வந்து மூன்றாம் நாள் இறந்தது. இருந்ததிலேயே கனத்த குட்டி அதுதான்.

மின்னிக்கு வாய்வழியாகக் கால்சியமும் வைட்டமின் டியும் தொடங்கினோம். கர்ப்பத்தில் கெடுதல் செய்தது, பால் கொடுக்கும்போது மருந்தாகிறது. ஸ்டீராய்டு போடவில்லை, முன்பு சிலர் இந்த நோய்க்குப் போடுவதுண்டு, ஆனால் அது குடலில் கால்சியம் சேர்வதைக் குறைத்து சிறுநீரில் போவதைக் கூட்டும். இரண்டாம் நாளிலிருந்து பகலில் சிறிது நேரம் மட்டும் குட்டிகளை விட்டு, கூடவே பவுடர் பால் கொடுத்து, மூன்று வாரம் ஆனதும் கூழாகக் கரைத்த குட்டித் தீவனத்துக்கு மாற்றினார்கள். மின்னிக்கும் அதே குட்டித் தீவனம், நினைத்தபோதெல்லாம் தின்னும்படி. திரும்ப நடுக்கம் வரவில்லை.

சீக்கிரம் பால் மறந்துவிட்டன என்பதற்காகக் குட்டிகளைச் சீக்கிரம் விற்றுவிடவில்லை. 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரத்துக்கு முன் விற்கக்கூடாது. விதி இல்லாவிட்டாலும் அதுவே சரி. கடிக்கும் வேகத்தை அடக்கக் குட்டி கற்றுக்கொள்வது உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடித்தான், டெரியருக்கு அந்தப் பாடம் மற்ற இனங்களைவிடக் கூடுதலாகத் தேவை. ஐந்து குட்டிகள் போயின. கன்னப் பரிசோதனையில் மரபணுப் பிழை இல்லாத ஒரு பெட்டையை வைத்துக்கொண்டார்கள்.

ரிங்கும் அடுத்த ஈற்றும்

குட்டி போட்ட சில மாதத்தில் பெட்டைக்கு முடி கொட்டுவது இயல்பு. மின்னிக்கு வழக்கத்தைவிட அதிகம் கொட்டியது. அப்பாவுக்கு மழை விட்டதும் வரும் ஷோக்களில் நிறுத்த ஆசை. முடி வருவதற்காக ஏதாவது டானிக் கேட்டார். எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. எடை கூடட்டும், முடி தானே வரும் என்றேன். அந்த சீசன் போகவில்லை.

பெரிய வாக்குவாதம் எடையைப் பற்றித்தான். இணைசேர்க்கும் முன் மின்னி அரைக் கிலோ கூடவேண்டும் என்பது என் கருத்து. மகளுக்கு ரிங்கில் மார்பளவு பற்றிய கவலை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது என்று நான் நினைக்கிறேன்: ஷோவில் ஓடும் வருடம் வேறு, குட்டி போடும் வருடம் வேறு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். விதிகளும் வருடத்துக்கு ஓர் ஈற்றுக்கு மேல் அனுமதிப்பதில்லை, வாழ்நாளுக்கு ஐந்துதான். வெற்றி பெற்ற பெட்டையை அடுத்த ஹீட்டிலேயே சேர்த்துவிடுவது ஷோ வட்டாரத்தில் சாதாரணமாக நடக்கிறது. மெலிந்த உடம்போடு கர்ப்பத்துக்குள் போகும் நாய்களை நான் அங்கிருந்துதான் அதிகம் பார்க்கிறேன்.

ஒருமுறை எக்லாம்ப்சியா வந்த பெட்டைக்கு அடுத்த ஈற்றிலும் வர வாய்ப்பு அதிகம். அதைச் சொல்லியே முடிவைக் குடும்பத்திடம் விட்டேன். பதினான்கு மாதம் கழித்து, 5.8 கிலோ எடையில், அதே ஆண் நாயோடு சேர்த்தார்கள். இந்தத் தடவை கர்ப்பத்தில் சிரப் இல்லை, சாளையும் வாரம் ஒருநாள்தான். கர்ப்பத்தின் கடைசி மூன்று வாரமும் பால் கொடுக்கும் காலமும் குட்டித் தீவனம். குட்டி போட்ட அன்றே நான் எழுதிய அளவில் கால்சியம் தொடங்கியது. ஐந்து குட்டிகள். 20-ஆம் நாள் மாலை மின்னி இரைத்துக்கொண்டே முகத்தைத் தேய்த்ததை மகள் பார்த்து, உடனே குட்டிகளைப் பிரித்துக் கூப்பிட்டாள். வரும்போது வெப்பம் 102.8, நடையில் லேசான விறைப்பு மட்டும். கால்சியம் 7.9. வாய்வழி அளவைக் கூட்டியே சமாளித்தோம், ஊசி தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு மின்னியைச் சேர்க்கவில்லை. பால் வற்றி, உடம்பு தேறியதும் கர்ப்பப்பையை எடுத்துவிட்டோம். ஏழு குட்டி ஈற்றில் வைத்துக்கொண்ட பெட்டை இப்போது, இந்தியாவில் பிறந்த நாய்களுக்கான ‘பிரெட் இன் இந்தியா’ வகுப்பில் நிற்கிறது. தாயைவிட 2 செ.மீ. உயரம் கூடுதல், மார்பும் கொஞ்சம் அகலம். சில நடுவர்களுக்கு அது பிடிக்கவில்லை. இணைசேர்க்கும் பேச்சை இரண்டு வயது முடிந்த பிறகு எடுக்கலாம் என்று மகள் நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள்.